பட்டிக்கு அடியில் துரு



மாரிக்குப்பத்தில் விடியற்கால ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இரவில் வீடு திரும்புகிற வாழ்க்கை எப்படிப்பட்டது என்று தங்கவயல் குடும்பங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்ட பின்பு அநேகர் அந்த ரயில் பிரயாணத்தையே தங்கள் பிழைப்பின் வழியாக ஏற்றுக்கொண்டார்கள். வேறு அநேகர் பெங்களூரிலேயே வாடகை வீடு பிடித்துக் குடியேறினார்கள். அப்படிக் குடியேறிய குடும்பத்தில் சற்று வசதி உண்டானதும், "ஊரிலிருக்கிற அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துவர ஒரு பழைய காராவது இருந்தால் நலமாயிருக்குமே" என்கிற எண்ணம் எழும்புவது இயல்பே.

அந்தப் பழைய காரைப் பற்றியே இந்த மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன். விசேஷமாக, பளபளக்கிற வண்ணத்துக்கும் அதன் கீழுள்ள பட்டிக்கும் அடியில் மறைந்திருக்கிற துருவைப் பற்றிப் பேசப்போகிறேன். இது கார் மெக்கானிக்குகளுக்கு மாத்திரம் உரிய காரியம் என்று பக்கத்தைத் திருப்பிவிடாதிருங்கள். உங்கள் பல வருடச் சேமிப்பும், வண்டியில் உட்காருகிற உங்கள் பிள்ளைகளின் உயிரும் இதில் அடங்கியிருக்கின்றன.

நான் வாங்கிய வண்டி

2012-ஆம் ஆண்டு நானும் இப்படியே ஒரு மாருதி 800 வாங்கினேன். சீட்டு எடுத்த பணம் போதாமல், மனைவியின் இரண்டு வளையல்களை அடகு வைத்து மீதியைக் கட்டினேன். எட்டு வயதான வண்டி. ஆனால் வெள்ளை வண்ணம் பாலைப்போல் மின்னியது. "ஒரு கீறல் காட்டுங்கள், பணத்தைத் திருப்பித் தருகிறேன்" என்றார் விற்றவர். கீறல் இல்லை என்பது உண்மைதான். எட்டு வருடம் ஓடிய வண்டியில் ஏன் ஒரு கீறல்கூட இல்லை என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

முதல் மழைக்காலம் முடிவதற்குள் ஓட்டுநர் பக்கத்துக் கதவின் கீழ்விளிம்பில் அவரை விதை அளவில் ஒரு கொப்புளம் எழும்பியது. நகத்தால் கீறினேன். பழுப்பு நிற நீர் கசிந்தது. ஊருக்குப் போயிருந்தபோது ஆண்டர்சன்பேட்டையில் டிங்கரிங் வேலை செய்கிற முதியவர் ஒருவரிடம் காட்டினேன். அவர் அந்தக் கொப்புளத்தைப் பார்க்கவேயில்லை. குனிந்து, கதவுகளுக்குக் கீழே ஓடுகிற ரன்னிங் போர்டை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார். முன்புறம் கணீரென்று கேட்டது. நடுவில் வந்தபோது ஓசை மந்தமாயிற்று. சட்டைப் பையிலிருந்த சிறிய காந்தத்தை எடுத்து அங்கே வைத்தார். அது ஒட்டாமல் தரையில் விழுந்தது.

"தம்பி, நீங்கள் வாங்கியிருப்பது பாதி கார், மீதி பட்டி" என்றார்.

தட்டிக் கேட்கிற வழக்கம்

தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கிற இந்த வழக்கம் தங்கவயலுக்குப் புதியதல்ல. சாம்பியன் ரீஃப் சுரங்கம் பூமிக்கடியில் ஏறக்குறைய 3.2 கிலோமீட்டர் ஆழம் வரை சென்றது. உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாக அது இருந்தது. வெடிவைத்த இடத்துக்குள் நுழைகிறவர், தலைக்கு மேலேயுள்ள பாறையை நீண்ட இரும்புக் கம்பியால் தட்டிப்பார்ப்பது சுரங்கத் தொழில் நடக்கிற எல்லா இடங்களிலும் உள்ள முறை. கணீரென்று ஒலித்தால் பாறை உறுதியாயிருக்கிறது. பானை உடைந்ததுபோல் ஒலித்தால் உள்ளே பிளவு உண்டு; எந்த நேரத்திலும் விழலாம். கண்ணுக்கு இரண்டு பாறையும் ஒன்றுபோலவே தோன்றும். வித்தியாசத்தைச் சொல்லுகிறது காதுதான். நம் பாட்டன்மார் உயிர் பிழைக்கக் கற்றுக்கொண்ட பாடத்தை, அவர்களுடைய பேரப்பிள்ளைகளாகிய நாம் கார் வாங்கும்போது மறந்துபோகிறோம்.

பட்டி என்பது என்ன?

பட்டி என்று பட்டறைகளில் அழைக்கப்படுகிற பொருள் பாலியஸ்டர் பிசினோடு மாக்கல் தூள் கலந்த குழம்பு. அதோடு சிறிதளவு ஹார்டனர் சேர்த்துப் பிசைந்தால் சுமார் 15 முதல் 20 நிமிடத்துக்குள் கல்லாக இறுகிவிடும். பழைய நாட்களில் வெளிநாட்டுப் பட்டறைகளில் கார்த் தகட்டின் பள்ளத்தை ஈயம் உருக்கி ஊற்றி நிரப்பினார்கள். 1950-களில் அமெரிக்காவில் பாலியஸ்டர் பட்டி புழக்கத்துக்கு வந்தது. விலை மலிவும் வேலை எளிதுமாயிருந்தபடியால் உலகமெங்கும் பரவிற்று.

பட்டி தன்னில்தானே கெட்டதல்ல. தகட்டில் ஏற்பட்ட ஒடுக்கைத் தட்டி நிமிர்த்தின பின்பு, மிஞ்சியிருக்கிற சிறு மேடுபள்ளத்தைச் சமப்படுத்துவதற்கு அது உண்டாக்கப்பட்டது. சுத்தமான, உறுதியான இரும்பின்மேல் மூன்று மில்லிமீட்டருக்கு மிஞ்சாமல் பூசினால் பல வருடம் நிற்கும். குற்றம் எங்கே வருகிறது? ஒடுக்கை நிமிர்த்தாமலே கனமாக அப்பும்போதும், துருவைச் சுரண்டாமல் அதன்மேலேயே பூசும்போதும், ஓட்டை விழுந்த இடத்தில் காகிதத்தையோ கம்பி வலையையோ திணித்து அதன்மேல் பட்டியைத் தடவும்போதும் வருகிறது. என் வண்டியின் ரன்னிங் போர்டுக்குள்ளே பழைய செய்தித்தாள் இருந்தது. அதன் தேதியைக்கூட வாசிக்க முடிந்தது. நான் வண்டி வாங்குவதற்கு ஏழு வாரத்துக்கு முந்திய தேதி!

துரு எப்படி வேலை செய்கிறது?

இரும்பும் நீரும் காற்றும் சேருகிற இடத்தில் துரு பிறக்கிறது. அது இரும்பைத் தின்பதோடு நிற்பதில்லை. கரைந்துபோன இரும்பைப்போல இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை இடத்தைத் துரு அடைத்துக்கொள்ளும். ஆகவேதான் மேலேயுள்ள பட்டியையும் வண்ணத்தையும் அது கொப்புளமாகத் தள்ளுகிறது. கார்த் தகட்டின் கனமோ பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. வெளியே கொப்புளம் காணப்படுகிற நாளில், உள்ளே தகடு பாதிக்குமேல் போயிருக்கக்கூடும்.

மாக்கல் தூள் கலந்த பட்டி ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. வண்ணத்தில் முடியளவு வெடிப்பு உண்டானாலும், அல்லது பின்புறத்து ஓட்டை வழியாக நீர் ஏறினாலும், பட்டி அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு இரும்புக்கு ஊட்டிக்கொண்டேயிருக்கும். துருவை மறைப்பதற்காகப் பூசப்பட்ட பொருளே துருவை வளர்க்கும் பொருளாக மாறிவிடுகிறது.

டில்லியிலுள்ள இரும்புத் தூண் ஏறக்குறைய 1600 வருடமாக வெயிலிலும் மழையிலும் நிற்கிறதே, அது ஏன் கரைந்துபோகவில்லை என்று கேட்பீர்கள். அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகமாயிருப்பதால், அதன் மேற்பரப்பில் ஒரு மெல்லிய பாதுகாப்புப் படலம் தானாகவே உண்டாயிற்று என்று ஆய்வாளர் கண்டறிந்திருக்கிறார்கள். நம் காருக்கு அந்தச் சிலாக்கியம் இல்லை. அதற்குப் பாதுகாப்பு வெளியிலிருந்தே வரவேண்டும்.

தங்கவயல்காரருக்கு இன்னொரு காரியம். நம் ஊரைச் சுற்றிலும் சயனைடு மண்மேடுகள் நிற்கின்றன. மூன்று கோடி டன்னுக்கும் மேற்பட்ட அரைத்த பாறைத்தூள் அது. காற்று வீசும் மாதங்களில் அந்த நுண்ணிய மண் வீட்டுக்குள்ளும் வண்டிக்குள்ளும் புகுகிறது. ரன்னிங் போர்டுக்குள்ளும் கதவுகளின் அடியிலும் அது படிந்து, நீர் வடிகிற சிறு துளைகளை அடைத்துவிட்டால், மழைநீர் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். துருவுக்கு வேறு அழைப்பு வேண்டியதில்லை.

ஏன் இது உயிர்க் காரியம்?

லாரிக்குக் கீழே கனமான இரும்புச் சட்டம் உண்டு. உடல் அதன்மேல் வைக்கப்பட்டிருக்கும். சிறிய கார்களுக்கோ அப்படிப்பட்ட தனிச் சட்டம் இல்லை. தரைத் தகடு, ரன்னிங் போர்டு, தூண்கள், கூரை யாவும் சேர்ந்தே அதன் எலும்புக்கூடு. பட்டியைக் கொண்டு எலும்பு செய்ய முடியாது. மோதல் நேரிடும்போது தகடு மடங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்; பட்டியோ உடைந்து தூளாகும். இருக்கை வார் பொருத்தப்பட்ட இடமே துருப்பிடித்திருந்தால், அந்த வாரினால் என்ன பிரயோஜனம்?

ஒசக்கோட்டையிலிருந்து பேத்தமங்கலம் பக்கம் வரையுள்ள பெங்களூர்–சென்னை விரைவுச்சாலையில் 2024 டிசம்பரிலிருந்து வாகனங்கள் ஓடத் தொடங்கின. குண்டும் குழியுமான பழைய சாலையில் மெதுவாக ஓடியபோது வெளிப்படாத பெலவீனம், அந்த வேகத்தில் வெளிப்படும். அப்பொழுது திருத்திக்கொள்ள அவகாசம் இராது.

வாங்குமுன் எப்படிச் சோதிப்பது?

பகல் வெளிச்சத்தில், நனையாத வண்டியைப் பாருங்கள். மாலை நேரத்திலும், கழுவி ஈரம் காயாத வேளையிலும் ஒடுக்கும் பட்டியும் தெரியாது.

வண்டியின் பக்கவாட்டில் கண்ணைத் தாழ்த்தி, நீளவாக்கில் நோக்குங்கள். நல்ல தகட்டில் எதிர்வீட்டு ஜன்னலின் நிழல் நேராக விழும். பட்டி உள்ள இடத்தில் நெளியும்.

மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தத்தை ஒவ்வொரு பகுதியிலும் வைத்துப் பாருங்கள். ஒரு கதவில் நன்றாக ஒட்டி, மறு கதவில் வழுக்கினால் அங்கே பட்டி உண்டு. பம்பர் பிளாஸ்டிக்காகையால் அதில் ஒட்டாது. அதைக் கண்டு கலங்கவேண்டாம். வண்ணத்தின் கனத்தை அளக்கிற கருவி யாரிடமாவது இருந்தால் இன்னும் நலம். தொழிற்சாலை வண்ணம் பெரும்பாலும் 100 முதல் 180 மைக்ரான் அளவில் இருக்கும். ஆயிரத்தைத் தாண்டினால் அது வண்ணம் அல்ல, பட்டி.

கால்மிதி விரிப்பைத் தூக்கித் தரைத் தகட்டைக் கையால் தடவுங்கள். டிக்கியில் ஸ்டெப்னி சக்கரத்தை எடுத்து அதன் குழியைப் பாருங்கள். பேட்டரி வைக்கிற தட்டின் அடியைப் பாருங்கள். மட்கார்டின் உள்விளிம்பில் விரலை விட்டு ஓட்டுங்கள். கதவின் கீழ்மடிப்பை மறவாதிருங்கள்.

இருக்கை வாரைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கறை இருந்தால் அந்த வண்டி வெள்ளத்தில் நின்றிருக்கக்கூடும். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2022 செப்டம்பரில் பெங்களூரின் சில பகுதிகளிலும் அநேக கார்கள் நீரில் மூழ்கின. அப்படிப்பட்ட வண்டிகள் சுத்தம் செய்யப்பட்டு வேறு ஊர்ச் சந்தைக்கு வருவதுண்டு.

வியாபாரியிடம் வாங்கினால், அவரிடம் அங்கீகாரச் சான்று உண்டா என்று கேளுங்கள். பழைய வாகன வியாபாரிகள் அதைப் பெறவேண்டும் என்ற மத்திய விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பதிவுச் சான்றின் வயதையும் பாருங்கள். 15 வருடம் முடிந்த சொந்த வாகனத்தைத் தகுதிச் சோதனைக்கு உட்படுத்தி, ஐந்தைந்து வருடமாகவே புதுப்பிக்க வேண்டும். மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியோடு நின்றுபோனபடியால், அந்த வகையில் எதை வாங்கினாலும் அது வயதான வண்டியே.

வாங்கியாயிற்று, இனி என்ன செய்வது?

நீங்களே கைத்தொழில் அறிந்தவராயிருந்தாலும், பட்டறையில் கொடுத்துச் செய்வித்தாலும், வேலையின் ஒழுங்கு ஒன்றே.

முதலாவது, ஆயத்தம். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். விரிப்பு, இருக்கை, கதவின் உள்பலகை ஆகியவற்றை நீக்குங்கள். பெட்ரோல் டாங்கும் குழாயும் எங்கே ஓடுகின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். எரிவாயு சிலிண்டர் பொருத்தின வண்டியானால் வெல்டிங்குக்கு முன் அதைக் கழற்றியே ஆகவேண்டும். துருப்பிடித்த ரன்னிங் போர்டின்மேல் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, அடியில் படுக்காதிருங்கள். தகடு உள்வாங்கினால் வண்டி மேலே விழும். உறுதியான இடத்தில் ஸ்டாண்டு வைத்து நிறுத்துங்கள்.

இரண்டாவது, பட்டியை முழுவதும் எடுத்தல். ஹீட் கன்னினால் சூடாக்கினால் பட்டி இளகும். சுரண்டியினால் பாளம் பாளமாக எடுக்கலாம். இப்படிச் செய்தால் தூசி குறைவு. மீதியை முரட்டு உப்புத்தாளினால் தேய்க்கலாம். கிரைண்டரை ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால் மெல்லிய தகடு சூடேறி நெளியும். ஆகையால் அசைத்துக்கொண்டேயிருக்க வேண்டும். சேசிஸ் எண் பொறித்த இடத்தில் எந்தக் கருவியும் படக்கூடாது.

எதுவரை எடுப்பது என்பதே முக்கியமான கேள்வி. பட்டியின் ஓரத்தில் நிறுத்திவிடக்கூடாது. ஓரத்தையும் தாண்டி, நான்கு பக்கமும் வெள்ளிபோல் மின்னுகிற நல்ல இரும்பு தெரியும்வரை போகவேண்டும். வண்ணத்துக்கு அடியில் துரு வேர் விட்டதுபோல ஓடியிருக்கும். "இவ்வளவு போதும்" என்று மனம் சொல்லுகிற இடத்திலிருந்து இன்னும் நான்கு விரற்கடை போங்கள்.

மூன்றாவது, துருவை நிதானித்தல். மேலோட்டமான துருவானால் கம்பிப் பிரஷினாலும் உப்புத்தாளினாலும் போய்விடும். அம்மைத் தழும்புபோலக் குழிகள் இருந்தால், பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கியைத் தடவி, புட்டியில் எழுதியிருக்கிற ஒழுங்கின்படியே வைத்திருந்து, கழுவி, நன்றாக உலர்த்த வேண்டும். அமிலத்தின் மிச்சம் இருக்கும்போது ப்ரைமர் பூசினால் அது பிடிக்காது. திருப்புளியால் குத்தும்போது உள்ளே இறங்கினாலோ மருந்தினால் பிரயோஜனமில்லை. அந்தப் பகுதியை நல்ல இரும்பு வரை வெட்டியெடுத்து, அதே கனமுள்ள புதுத் தகட்டை வைத்து வெல்டிங் செய்வதொன்றே வழி. ஃபைபர் துணியும் பட்டியும் போட்டு ரன்னிங் போர்டைச் சரிசெய்கிறேன் என்று யாராவது சொன்னால், வேறு பட்டறையைத் தேடுங்கள்.

கேஸ் வெல்டிங்கில் சூடு அதிகமாகப் பரவித் தகடு நெளிகிறது. சி.ஓ.டூ. வெல்டிங் உள்ள பட்டறையானால் நலம். ஒரே கோடாக ஓட்டாமல், இங்கொரு புள்ளி அங்கொரு புள்ளியாக வைத்து, ஆறவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். தண்ணீர் வாளியும் ஒரு ஆளும் பக்கத்தில் இருக்கட்டும். இருக்கைப் பஞ்சில் பொறி விழுந்தால் தீ நொடியில் பரவும்.

நான்காவது, மறுபடி மூடுதல். வெறும் இரும்பை ஒரு இரவுகூடத் திறந்து வைக்கக்கூடாது. மழைக்காலத்தில் காலைக்குள் மஞ்சள் பூத்துவிடும். அன்றைக்கே எபாக்சி ப்ரைமர் பூசச் சொல்லுங்கள். அதன்மேல் தேவையான இடத்தில் மாத்திரம் மெல்லிய பட்டி. இங்கே நம் பட்டறைகளில் ஒரு தவறான பழக்கம் உண்டு: பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்க்கிறார்கள். பட்டி அந்த நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். அதை உலர்வாகவே தேய்க்க வேண்டும். பின்பு சர்ஃபேசரும் வண்ணமும். கடைசியாக ரன்னிங் போர்டின் உள்ளேயும் கதவின் உள்ளேயும் துருத்தடுப்பு மெழுகு அடித்து, நீர் வடிகிற துளைகளைத் திறந்துவிட வேண்டும். இந்தக் கடைசி வேலை கண்ணுக்குத் தெரியாததால் பெரும்பாலும் விட்டுவிடப்படுகிறது. ஆனால் துரு மீண்டும் தொடங்குவது அங்கேதான்.

நம் பகுதியில் ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள வறண்ட மாதங்கள் இந்த வேலைக்கு ஏற்ற காலம்.

தூசியை அலட்சியம் செய்யாதிருங்கள்

டிங்கரிங் பட்டறைகளில் வேலை செய்கிற வாலிபர்களும் இந்தப் பக்கத்தை வாசிக்கிறீர்கள் என்று அறிவேன். உங்களுக்கு ஒரு வார்த்தை. பாறைத்தூளைச் சுவாசிப்பதால் வருகிற சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோயைப் பற்றி நம் நாட்டில் நடந்த தொடக்ககால ஆய்வுகளில் ஒன்று, 1940-களில் தங்கவயல் சுரங்கத் தொழிலாளரிடத்தில் நடந்தது. இரவெல்லாம் இருமிக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கின பெரியவர்களை நம் லைன் வீடுகளில் நாம் கண்டிருக்கிறோம். பட்டித் தூசி அதே பாறைத்தூள் அல்லவென்றாலும், நுண்ணிய தூசி எதுவும் நுரையீரலுக்கு நண்பனல்ல. பழைய வண்ணத்தில் ஈயமும் இருக்கலாம். கைக்குட்டை கட்டினால் போதாது. என்-95 முகக்கவசம் அணியுங்கள். கண்ணாடி போடுங்கள். வீட்டு வாசலில், குழந்தைகள் விளையாடுகிற சந்தில் இந்த வேலையைச் செய்யாதிருங்கள். வேலை உடுப்போடு பிள்ளையைத் தூக்காதிருங்கள்.

எப்பொழுது கைவிடுவது?

எல்லா வண்டியையும் காப்பாற்ற முடியாது. இரண்டு பக்கத்து ரன்னிங் போர்டும், தரைத் தகடும், முன்சக்கர சஸ்பென்ஷன் பொருத்தின இடமும் ஒருமிக்கத் துருப்பிடித்திருந்தால், வேலைக்கூலி வண்டியின் விலையைத் தாண்டிப்போகும். அப்பொழுது கடன் வாங்கிச் செலவழிப்பது ஞானமல்ல. பட்டியை எடுக்கத் தொடங்குமுன் பட்டறைக்காரரிடம், "திறந்து பார்த்த பின்பு எனக்குக் காட்டுங்கள், அதன்பிறகே மேற்கொண்டு செய்யுங்கள்" என்று சொல்லிவையுங்கள். திறக்குமுன் சொல்லுகிற விலை யாருக்கும் உறுதியானதல்ல.

கதையின் மீதி

என் வண்டிக்குத் திரும்புகிறேன். முதியவர் வலது பக்கத்தைத் திறந்து காண்பித்தார். என் உள்ளங்கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. முழு வேலைக்கும் அவர் சொன்ன கூலி அன்றைக்கு என் இரண்டு மாதச் சம்பளம். பெங்களூரில் பக்கத்து வீட்டு நண்பர் என்மேல் இரக்கப்பட்டு ஒரு ஆலோசனை சொன்னார்: "இரண்டு கிலோ பட்டி, ஒரு கோட்டிங் வண்ணம். வாங்கின விலைக்கே தள்ளிவிடலாம். உங்களை ஒருவன் ஏமாற்றவில்லையா?"

வாசகர்களே, உண்மையைச் சொல்லுகிறேன்: நான் அதற்குச் சம்மதித்தேன். அடகிலிருந்த வளையல்கள் என் கண்முன் நின்றன. பட்டி போடுவதற்குமுன்பே வண்டியைக் கேட்டு ஒருவர் வந்தார். நம் சபைக்கு வருகிற வாலிபர், ஒயிட்ஃபீல்டில் வேலை, மனைவியும் கைக்குழந்தையும் கூடவே வந்திருந்தார்கள். "அண்ணே, எனக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. உங்கள் வண்டி என்பதால்தான் வந்தேன்" என்றார். அந்தச் சகோதரி குழந்தையோடு பின்னிருக்கையில் ஏறி உட்கார்ந்து பார்த்தார். அவர் கால் வைத்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, விரிப்புக்கு அடியில், ஓட்டை இருந்தது.

நான் விரிப்பைத் தூக்கிக் காண்பித்தேன். துணிவினால் அல்ல, அதைக் காண்பிக்காமல் அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்பதனால். அவர்கள் வாங்காமல் போய்விட்டார்கள். வளையல்கள் இன்னும் பதினொரு மாதம் அடகிலேயே இருந்தன. வேலையைப் பாதிப் பாதியாகச் செய்வித்தேன்: முதலில் வலது பக்கம், பணம் சேர்ந்த பின்பு இடது பக்கம். பட்டி எடுத்து இரும்பு தெரிந்த நிலையிலும், புதுத் தகடு வைத்த நிலையிலும் படம் எடுத்து வைத்தேன். அந்த வண்டியில் அம்மாவை நான்கு வருடம் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். பின்பு விற்றபோது அந்தப் படங்களை வாங்குகிறவர் கையில் கொடுத்தேன். சந்தை விலையைவிடக் குறைத்தே கேட்டார், கொடுத்துவிட்டேன். இன்றும் வழியில் அவரைக் கண்டால் தெருவை மாற்றாமல் நின்று பேசுகிறேன்.

நம்மில் அநேகர் பழைய வண்டியைச் சந்தையில் வாங்குவதில்லை; சபையில் தெரிந்தவர், ஊர்க்காரர், உறவினர் என்று நம்பித்தான் வாங்குகிறோம். அந்த நம்பிக்கை, சோதனை செய்யாமலிருப்பதற்கு வாங்குகிறவருக்குக் காரணமாகக்கூடாது. மறைத்து விற்பதற்கு விற்கிறவருக்கு வாய்ப்பாகவும் கூடாது. "காந்தம் வைத்துப் பார்க்கலாமா, அண்ணே?" என்று கேட்பதை அவமரியாதையாக எண்ணாதிருப்போம். விற்கிறவர் தாமே காந்தத்தை எடுத்து நீட்டுவாரானால் அது எவ்வளவு நலமானது!

ஆகவே, உங்கள் வாசலில் ஒரு பழைய கார் நிற்குமானால், இந்த வாரத்தில் ஒரு நாள், பகல் வெளிச்சத்தில், விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். ரன்னிங் போர்டை முட்டியால் தட்டிக் கேளுங்கள். கணீரென்று ஒலித்தால் நிம்மதியாகப் பிரயாணம் செய்யுங்கள். மந்தமாக ஒலித்தால் பயந்து மூடிவிடாமல் திறந்து பாருங்கள். திறந்தால் செலவு உண்டு என்பது மெய்யே. ஆனால் மூடி வைத்த துருவோ நாளுக்கு நாள் தகட்டைத் தின்றுகொண்டேயிருக்கும்.

அடுத்த இதழில் மீண்டும் சந்திப்போம்.